ஆறு மாத மருந்துக்கு நான் போடாத கையெழுத்து

ஆஸ்திரியாவில் ஒரு புல்வெளியில் என்னை உண்ணி கடித்தது. குவைத்தில் நான் ஹோம் நர்ஸாகப் பார்த்துக்கொண்ட வயதான அரபி அம்மாவின் குடும்பம் கோடைக்கு ஆஸ்திரியா போகும். அந்த வருடம் என்னையும் கூட்டிப்போனார்கள். தொடையில் வளையமாகச் சிவந்ததை அலர்ஜி என்று விட்டுவிட்டேன். நர்ஸுகள் சொந்த உடம்பை அப்படித்தான் பார்ப்போம்.

குவைத்தில் நானும் கணவரும் குடியிருக்கும் மங்காஃபுக்குத் திரும்பிய பிறகு முழங்கால் வீங்கியது. இந்தப் பாலைவனத்தில், உண்ணிக் கடியால் வரும் லைம் நோய் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. வைட்டமின் குறைவு என்றார்கள், வாதம் என்றார்கள். ரத்தப் பரிசோதனையில் உண்மை தெரிந்தபோது ஐந்து மாதம் ஓடியிருந்தது. நான்கு வாரம் மாத்திரை சாப்பிட்டேன். வீக்கம் வடிந்தது, வலியும் அசதியும் போகவில்லை. லிஃப்டுக்குள் நின்று எந்த மாடி என்று யோசிப்பேன். ஒருநாள் சோறு வடிக்கும்போது பானை கை நழுவியது. கணவர் ஓடிவந்து என்னைப் பின்னால் இழுத்தார்.

அவர்தான் ஒரு தனியார் கிளினிக்கைக் கண்டுபிடித்தார். டாக்டர் தமிழர், அன்பாகப் பேசினார். மேல்கை நரம்பு வழியாக இதயத்துக்குப் பக்கம் வரை மெல்லிய குழாய் செருகி, ஆறு மாதம் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்றார். படிவத்தை நீட்டினார்.

"நீங்களே நர்ஸ். உங்களுக்குத் தெரியாததா சிஸ்டர்? போடுங்க."

தெரிந்ததால்தான் பேனாவை எடுக்கவில்லை. ஊரில் வார்டு டூட்டியில், அப்படியொரு குழாய் வழியாகக் கிருமி ஏறி, கட்டிலே அதிர நடுங்கியவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

"குழாய்ல இன்ஃபெக்‌ஷன் வந்தா?"

"வராம பாத்துக்குவோம்."

"பித்தப்பைல கல்லு? நிக்காத வயித்துப்போக்கு?"

"எல்லாருக்கும் வராது."

"ஆறு மாசம் ஏத்துனா குணமாகும்னு யாரு நிரூபிச்சிருக்கா டாக்டர்?"

சிரிப்பு மறைந்தது. "என் அனுபவம் சொல்லுது."

"இது வேண்டாம்னா வேற வழி?"

"இப்படியே இருக்க வேண்டியதுதான்."

படிவத்தில் ஒரு வரி இருந்தது: ஆபத்துகளும் மாற்று வழிகளும் எனக்கு விளக்கமாகச் சொல்லப்பட்டன. அதை மட்டும் குறுக்கே அடித்தேன். "இது பொய். இதுக்குக் கீழ என் பேரு வராது."

"அடிச்ச ஃபார்ம வெச்சு ட்ரீட்மென்ட் பண்ண முடியாது."

"பண்ண வேண்டாம்" என்று எழுந்தேன்.

சிக்னலில் கணவர் காரை நிறுத்தினார். பிறகு வெடித்தார். "ஒரு கையெழுத்துதான? மத்தத பொறவு பாத்துக்கிடலாம்லா?"

"பொறவு படப்போறது என் ஒடம்பு."

"நீ விழுந்து கெடந்தா நான் என்ன செய்வேன்?"

அவர் பயமும் நியாயமானதுதான். ஆனால் அவர் பயத்துக்காக என் நரம்பில் குழாய் ஏற்றிக்கொள்ள முடியாது. அதையும் சொன்னேன்.

அப்புறம் அரசு மருத்துவமனையில் ஓர் எகிப்து டாக்டரம்மாவைப் பார்த்தேன். என் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒவ்வொன்றாக வாசித்தார்.

"உன் வலி நிஜம். ஏன் நீடிக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீண்ட ஆன்டிபயாடிக் அதைத் தீர்த்ததாக நல்ல ஆதாரம் இல்லை. கெடுதல் செய்ததற்கு உண்டு. மெதுவான உடற்பயிற்சி, தூக்கம், வலிக்கு மருந்து. இது எனக்குத் தெரிந்தது. இதிலும் உத்தரவாதம் இல்லை."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றுதான் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் மூன்று கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. நாங்கள் அந்த வழியை எடுத்தோம்.

குணமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பாதி நாள் டூட்டிதான் பார்க்கிறேன். ஏசிக் குளிரில் விரல் மூட்டுகள் இறுகுகின்றன. ஊரிலிருந்து அழைக்கும் சொந்தங்கள், "அந்த ஊசியைப் போட்டிருந்தா இந்நேரம் எழும்பியிருப்பியே" என்கிறார்கள். இருக்கலாம். ஐசியூவில் கிடந்திருக்கவும் கூடும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தது நான்; அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.