வாய் நிறையத் தண்ணீர்

வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, குனிந்தபடி, மூக்கால் மட்டும் மூச்சு விடும் ஒரு கூட்டத்தின் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். வெயிலில் களைத்த மாடுகள் விடும் மூச்சைப் போல இருக்கும். முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, மலாயாவில் பாலோ என்ற ஊருக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பத்துப் பதினொரு வயதுப் பையனாக அதைக் கேட்டேன். கேட்டேன் என்பது பாதி உண்மைதான். அந்தத் தண்ணீரை அவர்கள் வாயில் ஊற்றியவனே நான்.

என் தந்தை தோட்டத்தின் ‘கிராணி’, அதாவது எழுத்தர். அரிசிக் கிடங்கின் சாவி அவரிடம் இருந்தது. எங்கள் ஜொகூர் மாநிலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர்ப் பால்மரம் நின்ற காலம் அது. ஆனால் அந்த மரங்களில் பால் வெட்டியவர்கள் தின்ற அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. நெல் விளைவிப்பதைவிட ரப்பரை விற்று அரிசி வாங்குவதே லாபம் என்று மேலே இருந்தவர்கள் கணக்குப் பார்த்திருந்தார்கள். கப்பல் ஒழுங்காக வந்தவரை அந்தக் கணக்கில் பிழையில்லை. அந்த ஆண்டு வரத்து சுருங்கிப்போனது. தானியத்தையும் எண்ணெய் வித்தையும் பிறர் நிலத்தில் விட்டுவைத்த நாடு, கையில் எவ்வளவு செல்வம் இருந்தாலும், பிறர் அடுப்பைப் பார்த்தே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைப் பிற்காலத்தில் கல்லூரியில் படித்தேன். தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளின் ஒட்டிய வயிற்றில் அதை முன்பே பார்த்திருந்தேன்.

தோட்டங்கள் தாங்களே உணவுப் பயிர் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு குன்றின் காட்டை அழித்துக் கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டார்கள். ‘கச்சான்’ என்று அங்கே சொல்லும் அந்தக் கடலையின் விதை மூட்டைகள் சிங்கப்பூரிலிருந்து வந்தன. முதல் விதைப்பில் பாதி முளைக்கவில்லை. அரைவயிறு கஞ்சியோடு வந்தவர்கள் மடியில் பச்சைக் கடலையைக் கட்டிவிட்டால் வேறென்ன நடக்கும்? இரண்டாவது விதைப்புக்கு, ஆட்களை மேய்த்த கங்காணி ஒரு வழி கண்டுபிடித்தார். வரிசையின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு வாய் தண்ணீரை வாங்கிக்கொள்ள வேண்டும்; வரிசை முடிந்ததும் அதைத் துப்பிக் காட்ட வேண்டும். வாய் காய்ந்திருந்தால் அந்த வாரம் அரிசி கிடையாது. பள்ளி வாத்தியார் காய்ச்சலில் படுத்திருந்ததால் எனக்கு வேலையில்லை. ‘நம்பிக்கையான ஆள்’ என்று சொல்லி, வாளியும் சிரட்டையுமாக என்னை ஒரு மரக்கட்டையில் உட்காரவைத்தார். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

அஞ்சலை என்று ஒருத்தி இருந்தாள். சேலம் பக்கத்துக்காரி. புருஷன் முந்தைய வருஷக் காய்ச்சலில் போய்விட்டான். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று மட்டும் மிச்சம். வேலையிலும் வாயிலும் அவளை மிஞ்ச ஆளில்லை. காலையில் முதல் வரிசை முடித்துத் துப்பிவிட்டு, எட்டிப் பார்த்த என்னிடம் வாயை அகலத் திறந்து காட்டினாள்.

“நல்லாப் பாத்துக்குங்க சின்னக் கிராணி. உள்ளார சொத்தைப் பல்லு ஒண்ணு இருக்கு. அதுக்காக அரிசிய வெட்டிடாதீங்க.”

பக்கத்தில் தண்ணீரோடு நின்றவர்கள் சிரித்துப் பீச்சியடித்தார்கள். அவர்களுக்கு நான் மறுபடியும் ஊற்ற வேண்டியிருந்தது. முகம் எரிந்தது. அதன்பின் அவள் கையைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

உச்சி வெயிலில் அவள் வாய் காய்ந்து வந்து நின்றாள்.

“முழுங்கிட்டேன் தம்பி. நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. இன்னொரு வாய் ஊத்துங்க, துப்பிக் காட்டிடறேன்.”

உண்மை அதுதான். அவள் கை மடிக்கும் மண்ணுக்குமாகப் போய்வந்ததே தவிர, ஒருமுறைகூட வாய்ப்பக்கம் போகவில்லை. வரிசை முழுவதும் பார்த்தவன் நான்.

“கங்காணி! இங்க வாங்க!” என்று கத்தினேன்.

அவர் வந்து அவள் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். ஒன்றுமில்லை. “தம்பி, நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன். மென்னாங்க.”

“கங்காணியாரே, எம் புள்ள மேல சத்தியமா...”

“புள்ளைய இழுக்காதடி. இந்த வாரம் உனக்கு அரிசி இல்ல. இவளுக்கு எவனாச்சும் ஒரு பிடி குடுத்தீங்க, அவனுக்கும் இல்ல.”

என் தந்தை அரிசியை நிறுத்தினார். லயத்தில் யாரும் கொடுக்கவில்லை. அவரவர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அஞ்சலை காட்டோரத்தில் ஒரு கிழங்கைத் தோண்டி வந்தாள். பக்கத்துக் ‘கம்பத்து’, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்கள் அதைத் தோண்டுவதை அவள் பார்த்திருந்தாள். சீவி, ஓடும் ஆற்றில் நாள்கணக்கில் ஊறவைத்து நஞ்சு போக்கிய பிறகே அவர்கள் சமைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. வேகவைத்துப் பிள்ளைக்கு முதலில் கொடுத்தாள், வயிறு நிறைய. தான் ஒரு துண்டை வாயில் வைப்பதற்குள் பிள்ளைக்கு வாயில் நுரை தள்ளி இழுப்பு வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் முடிந்தது. குன்றின் ஓரத்திலேயே புதைத்தார்கள். மறுநாள் காலைப் ‘பெரட்டு’க்கு, பெயர் கூப்பிடும்போது, அஞ்சலை வந்து நின்றாள். வராவிட்டால் அடுத்த வார அரிசியும் போய்விடும்.

சில நாளில் கடலை முளைத்தது. மற்ற வரிசைகளில் அங்கங்கே சொட்டை விழுந்திருந்தது. என் கட்டைக்கு நேர் எதிரே, அன்று உச்சி வெயிலில் அவள் போட்ட வரிசையில் ஒரு விதைகூட முளைக்காமல் போகவில்லை. எல்லாரும் நின்று பார்த்தார்கள். கங்காணியும் பார்த்தார். “நல்லா மொளச்சிருக்கு” என்று சொல்லி நடந்தார். அஞ்சலை அந்த வரிசையில் உட்கார்ந்து களை பிடுங்கத் தொடங்கினாள். என்னை அவள் திட்டவில்லை, ஏறிட்டும் பார்க்கவில்லை.

வீட்டில் தந்தையிடம் நான் பொய் சொன்னதைச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, “சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். இப்ப மாத்திச் சொன்னா அந்தப் புள்ள எந்திரிச்சு வரப்போவுதா? போ, போய்ப் படி” என்றார்.

போய்ப் படித்தேன். நன்றாகவே படித்தேன். அறுவடையின்போது எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை கடலை வந்தது, அதையும் தின்றேன். அரிசிக் கப்பல்கள் திரும்ப வந்ததும் குன்றில் ரப்பர் நட்டார்கள். அஞ்சலை சாஆ என்ற ஊர்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். வேலைக்குப் போன பிறகு பல ஆண்டுகள் தேடினேன். எந்தத் தோட்டத்திலும் அவளைத் தெரிந்தவர் இல்லை.

போன மாதம் அந்த இடத்துக்குப் போனேன். லயம் இல்லை, கிடங்கு இல்லை, பால்மரம் ஒன்றுகூட இல்லை. உலகமெல்லாம் சமையல் எண்ணெய் வாங்க வரும் நாடாகிவிட்டோம்; குன்றைப் படிப்படியாக வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்டிருக்கிறார்கள், லாரி போகத் தடமும் போட்டிருக்கிறார்கள். ஓரம் எது என்று தெரியாமல் நான் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்துக் காவலாளி ஒருவர் அருகில் வந்தார். ஒரு குழந்தையைப் புதைத்த இடம் என்றேன்.

“இங்க பொதைச்சதா யாரும் சொன்னதே இல்லீங்களே ஐயா. வயசானவங்க கிட்ட கேட்டுப் பாக்கிறேன். புள்ள பேரு என்ன?”

லயத்தில் எல்லாரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை.

தெரியாது என்றேன்.