பூ நிற்காத மெழுகு

தாராவியில் அந்த நாளில் நயினார் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஆளுக்கு ஒரு பட்டம் உண்டு. தண்ணீர் வரும் நேரத்தில் சண்டை இழுப்பவர் குழாய் நயினார். இரண்டு வீடு வைத்திருந்தவருக்கும் ஒரு பட்டம் இருந்தது, அதை எழுதினால் இரண்டு வீட்டிலிருந்தும் என்னை அடிக்க வருவார்கள். நான் சொல்ல வந்தது பாலிஷ் நயினாரின் கதை.

ஊர் வள்ளியூர்ப் பக்கம். பம்பாய்க்கு வந்ததும் தோல் ஷெட்டில்தான் வேலை. பதமான தோலில் மெழுகு தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவது அவர் பிரிவு. ஒருநாள் மாதுங்கா டாக்டர் ஒருவர் தன் காரின் தோல் சீட்டு வெடித்துவிட்டது என்று கொண்டுவந்தார். சீட்டைச் சரிசெய்துவிட்டு, கையில் மிச்சமிருந்த மெழுகைச் சும்மா இருக்கட்டுமே என்று எஞ்சின் மூடியான பானெட்டிலும் தேய்த்திருக்கிறார் நயினார். டாக்டர் தன் மூஞ்சியையே அதில் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் போனார். அவர் மூஞ்சி சந்தோஷப்படும்படியானதல்ல, அது வேறு விஷயம்.

அதோடு தோல் வேலையை விட்டார். மாதுங்காவில் கார் வைத்திருந்தவர்கள் அப்போது அதைப் பெற்ற பிள்ளையைப் போலத்தான் பார்த்துக்கொள்வார்கள். புதுக் காருக்குப் பதிந்துவைத்தால் அது வந்து சேருவதற்குள் வீட்டில் ஒரு குழந்தை பிறந்து அதற்குப் பல்லும் முளைத்துவிடும். ஆகவே இருக்கிற வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்தாக வேண்டும். நயினார் காலையில் துணி மூட்டையோடு கிளம்புவார். பழைய மல் வேட்டி, பழைய கம்பளித் துண்டு, இரண்டு மூன்று டப்பா. இவ்வளவுதான் அவர் தொழில்.

வீடுதான் சரியில்லை. தோல் ஊறப்போடுகிற குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை. ஜன்னல் கிடையாது. அவர் பெண்டாட்டி மாடத்திக்கு இருமல் வந்து, இருமலில் சிவப்பும் வந்தது. நகராட்சி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது, இந்தக் குழிப் பக்கத்திலேயே இருந்தால் எந்த மருந்தும் பிடிக்காது, காற்றுள்ள இடத்துக்குப் போங்கள் என்று. பம்பாயில் காற்றுள்ள இடத்துக்குப் போங்கள் என்பது, ராஜா வீட்டில் பெண் எடுங்கள் என்கிற மாதிரிதான்.

அப்போதுதான் வேங்கடசுப்ரமணியன் அகப்பட்டார். மாதுங்காவாசி. செம்பூரில் ஒரு கம்பெனியில் வண்டிகளுக்கெல்லாம் பொறுப்பான அதிகாரி. அங்கே கார் ஷெட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸும் உண்டு. நயினார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரெண்டு ஜன்னல் இருக்குளா" என்றார் மாடத்தியிடம். "ஒண்ணு வேப்ப மரத்தப் பாத்து இருக்கு."

"எதுக்கு ரெண்டு? ஒண்ணு போதுமே" என்றாள் அவள். ஆனாலும் பழைய சேலை ஒன்றைக் கிழித்து இரண்டு திரை தைத்து மடித்து வைத்தாள்.

வேங்கடசுப்ரமணியன் வேலையைச் சும்மா தூக்கிக் கொடுக்கிற ஆளல்ல. அவர் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அதே கம்பெனியில் எஞ்சினியர். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, மேளத்தோடு ஊர்வலமாக அழைத்து வருவார்கள். ஜானவாசம் என்பார்கள். மாதுங்காவில் யார் வீட்டு ஜானவாசம் என்றாலும் ஒரே திறந்த கார்தான், ஒரு குஜராத்தி சேட்டுடையது. வெள்ளைக்காரன் காலத்து வண்டி. மெரூன் நிறம் வெளிறி, வெயிலில் கிடந்த வெங்காயத் தோல் மாதிரி ஆகியிருந்தது. மேளத்தோடு போகிற ஜானவாசங்களுக்குக் காஸ் லைட் சுமக்கிற வேலை எனக்கு. அதனால் அந்த வண்டியின் ஒவ்வொரு வெடிப்பும் எனக்குத் தெரியும்.

"அந்த வண்டியைப் புதுசு மாதிரி ஆக்கிக் காட்டு, நயினார்" என்றார் வேங்கடசுப்ரமணியன். "சம்பந்தியாத்துலே எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிப்பா. வண்டியில மட்டுமாவது வாயத் தொறக்கப்படாது. கல்யாணம் நன்னா நடக்கட்டும், மறுவாரமே உன்னை ஷெட்டுல போட்டுடறேன்."

"செஞ்சுருதேன் ஐயா" என்றார் நயினார். நானும் கூடப் போயிருந்தேன். வரும் வழியெல்லாம் அவர் எந்த மெழுகு என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

தாதர் கடையில் சிவப்பாக ஒரு பசை விற்பார்கள். அதைத் தேய்த்தால் நிறம் உடனே எழும்பும், ஆனால் அதில் மண் மாதிரி ஒன்று கலந்திருக்கும். பெயிண்டைச் சீவிக்கொண்டே போகும். சேட் வண்டியில் மூலைமுடுக்கெல்லாம் ஏற்கெனவே தகரம் தெரிந்துகொண்டிருந்தது. இன்னும் சீவினால் மாப்பிள்ளை வெறும் தகரத்தில்தான் வர வேண்டும். நயினார் வீட்டிலேயே காய்ச்சுகிற சரக்கு ஒன்று உண்டு, தேன்மெழுகும் டர்ப்பன்டைனும். தோல் ஷெட் பழக்கம். அது நல்ல சரக்குதான். ஆனால் மே மாதச் சூட்டில் பிசுபிசுத்துத் தெருத் தூசியை எல்லாம் வாரி அப்பிக்கொள்ளும்.

கடைசியில் மன்சூர் அலியிடம் போனோம். மேலப்பாளையத்து ஆள். கப்பல்காரர்களிடமிருந்து அவருக்குச் சாமான்கள் வரும். எப்படி வரும் என்று கேட்டால் "கடல்ல மெதந்து வருதுவே" என்பார். அவர் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். திருகி மூடுகிற தகர மூடி. உள்ளே மஞ்சளாக, நகத்தால் கீறினால்கூடக் கோடு விழாத கெட்டி மெழுகு.

"ஏதோ தேசத்துப் பன ஓலையில ஊறுற மெழுகாம்வே" என்றார் மன்சூர் அலி.

"நம்மூருப் பனையில பதனி வரும், கள்ளு வரும். மெழுகு வரும்னு இன்னைக்குத்தான் பாய் கேக்கேன்."

"ஒமக்கு வேண்டியது கள்ளு. அவன் வெள்ளக்காரன், மெழுகு எடுத்துட்டான். இங்க பாரும்." பக்கத்தில் நின்ற ஒரு மோட்டார் சைக்கிள் டாங்கியில் கொஞ்சம் தேய்த்து, துடைத்து, தண்ணீரைத் தெளித்தார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. "பாத்தீரா? தண்ணி நிக்காது, தூசி நிக்காது, ஈ வந்து ஒக்காந்தாலும் வழுக்கி வுழும். ஏக்தம் பக்கா மால், அசல் சரக்கு."

நயினார் அந்தத் தண்ணீர் உருள்வதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைக்கடியாரத்தை அவிழ்த்துக் கொடுத்து டப்பாவை வாங்கிக்கொண்டார். அது ஓடாத கடியாரம் என்று மன்சூர் அலிக்கும் தெரியும். ஆனால் அவரும் அதைக் கையில் கட்டிக்கொண்டு ஆள் கூட்டத்தில் மணி பார்த்தார்.

சேட்டின் வண்டியைக் கொட்டகை நிழலில் நிறுத்தி வேலை நடந்தது. வெயில் பட்ட தகரத்தில் இந்த மெழுகைப் போட்டால் அப்படியே இறுகிப்போகும். ஒரு சாண் இடத்தில் பூசுவார், அது வெளுத்து உலரும்வரை காத்திருப்பார், பிறகு வேட்டித் துணியால் நீளவாக்கில் இழுப்பார். வட்டமாகத் தேய்க்க மாட்டார், வெளிச்சத்தில் சுழி தெரியும் என்பார். தோளை நகர்த்த முடியாமல் வீட்டுக்கு வருவார், மாடத்தி எண்ணெய் தடவி விடுவாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் போய்ப் பார்த்தபோது வெங்காயத் தோல் போய், கரும் மாதுளை நிறத்தில் ஒரு வண்டி நின்றது. பம்பரில் என் தொப்பைகூட லட்சணமாகத் தெரிந்தது.

பூக்காரர் தங்கபாண்டி மதியம் வந்தார். ஜானவாச வண்டிக்கு அவர்தான் எப்போதும் அலங்காரம். அட்டையில் மல்லிகையும் கனகாம்பரமும் தைத்து ஜோடி அன்னம் செய்து வைத்திருந்தார். அதைப் பானெட்டின் நடுவில் வைத்து, பம்பரிலிருந்து கண்ணாடிவரை கயிறு போட்டு இழுத்துக் கட்டுவது அவர் வழக்கம்.

கயிற்றைப் பார்த்ததும் நயினார் குறுக்கே வந்து நின்றார். "தங்கபாண்டி, கயிறு போடாதீரும். உரசி உரசிக் கோடு விழுந்துரும். அம்புட்டும் வீணாப் போயிரும்வே."

"கயிறு போடாம அன்னம் என்ன பறந்தா வரும்?"

"பசை போட்டு ஒட்டும். மைதாப் பசை தண்ணி தொட்டுத் தொடச்சாப் போயிரும்."

"எப்பவும் கட்டித்தானவே பழக்கம்."

"எப்பவும் இந்த வண்டி இப்படியா இருந்துச்சு? இந்த ஒரு தடவ எனக்காச்சுட்டி பசை போடும். எனக்கு இதுல வீடு இருக்கு."

வண்டியில் எங்கே வீடு இருக்கிறது என்று தங்கபாண்டிக்குப் புரியவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டார். பசையைத் தாராளமாகவே அப்பினார். அன்னம் இரண்டும் ஒட்டி நின்றன. அழுத்திக்கூடப் பார்த்தார்கள்.

சாயங்காலம் கோயில் வாசலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் நாங்கள் லைட் தூக்கிக்கொண்டு. நடுவில் மாப்பிள்ளை, கோட்டு சூட்டு போட்டு, கழுத்தில் மாலை, முகத்தில் பவுடர், தட்டினால் உதிரும். நயினார் கையில் துணியோடு பானெட்டின் பக்கத்திலேயே நடந்தார். தெரு ஜனங்கள் மாப்பிள்ளையைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தார்கள். வேங்கடசுப்ரமணியன் திரும்பி நயினாரைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். நயினார் அந்த ஆட்டத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டதை நான் பார்த்தேன்.

நடை வேகத்தில் போகும் வண்டிக்கு எஞ்சின் சூடேறும். பானெட் கொதிக்கும். மேலே பசை காய்ந்து விறைத்தது, கீழே மெழுகு அதற்குப் பிடி கொடுக்கவில்லை. தெரு திரும்புகிற இடத்தில் வண்டி சற்றுச் சாய்ந்தபோது அன்னம் இரண்டும் மெல்ல நகர ஆரம்பித்தன. முதலில் எங்களுக்கு அது அழகாகத்தான் இருந்தது. குளத்தில் நீந்துகிற மாதிரி போயின. நயினார் துணியைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். அவர் கைக்கு ஒரு பூகூட அகப்படவில்லை. அட்டை அப்படியே வழுக்கி முன்னால் விழுந்தது. டிரைவருக்குத் தெரியவில்லை. முன்சக்கரம் ஏறி நின்றது.

மேளம் நின்றது. இத்தனை லைட்டும் அந்த வெறும் பானெட்டில் விழுந்து அடித்தது. அந்த வண்டி அன்றைக்கு இருந்த அழகில் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

மாப்பிள்ளையின் அம்மா அபயாம்பாள் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தாள். வந்து குனிந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"ஜோடி அன்னம்" என்றாள். "எம்பிள்ளை வண்டியே ஏறி நசுக்கிடுத்து."

"பூ தானே மாமி, வேற மாலை போட்டுடலாம்" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

"எங்க போடுவேள்? எதுவும் நிக்காத வண்டியான்னா பிடிச்சுண்டு வந்திருக்கேள்."

கூட்டம் முழுக்கத் தங்கபாண்டியைப் பார்த்தது. மனிதன் என்ன செய்வான். "நான் கயிறு போடுதேன்னுதான் சொன்னேன். பாலிஷ்காரருதான் கூடாதுன்னுட்டாரு" என்றார். சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

கல்யாணம் நடந்தது. மறுநாள் முகூர்த்தம், சாப்பாடு, அப்பளம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆனால் மாதுங்காவில் சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. காபிக் கடையிலிருந்து கறிகாய்க் கடைவரை அன்னத்தைப் பற்றித்தான் பேச்சு. நானும் நாலு இடத்தில் பேசியிருப்பேன்.

மறுவாரம் நயினார் வேங்கடசுப்ரமணியன் வீட்டுக்குப் போனார். தனியாகப் போகத் தயங்கி என்னையும் கூட்டிப்போனார். அவர் கதவைத் திறந்து வெளியே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"உன் வேலையில ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன்" என்றார். "அப்படி ஒரு வண்டிய நான் பார்த்ததில்லே."

"அப்ப ஷெட்டு வேல, ஐயா?"

"மாப்பிள்ளையும் அங்கதானே இருக்கார். தினம் கார்த்தால வண்டிய ஷெட்டுல விடறச்சே மொதல்ல உன் முகத்துல முழிக்கணும். அவாத்துல அதுக்குச் சம்மதிக்க மாட்டா. எம்பொண்ணு அந்தாத்துல போய் இருக்கணுமோன்னோ, நயினார்?"

நயினார் தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "வீட்ல உடம்பு சரியில்ல ஐயா. ஜன்னல் வச்ச வீடுன்னு சொல்லிட்டேன்."

"நேக்குப் புரியறது" என்றார் அவர். புரிந்துதான் இருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது நயினார் பேசினார். "என் கையால காய்ச்சுன மெழுகப் போட்டிருந்தா பிசுபிசுன்னு பூவப் புடிச்சிருக்கும், இல்லண்ணாச்சி?"

"தூசியும் புடிச்சிருக்கும்வே."

"தூசி புடிச்சா வேல போயிருக்காதுல்லா."

சைன் ஸ்டேஷன் வந்ததும் அவர் தோல் குழிப் பக்கம் திரும்பிவிட்டார்.

மழைக்காலம் வந்து தோல் குழி நிரம்பி, கோலியின் பின்சுவர் நனைந்துகொண்டே இருந்தது. நயினார் பழையபடி மாதுங்காவுக்குப் போய்வந்தார். ஆனால் கூப்பிடுகிற வீடுகள் குறைந்துவிட்டன. கல்யாண வயசில் பெண் உள்ள வீட்டுக்காரர்கள் தங்கள் காரை அவர் தொட விடவில்லை. மாதுங்காவில் அப்படிப் பெண் இல்லாத வீடு எத்தனை இருக்கும்.

மாடத்திக்கு உடம்பு மோசமானது. எச்சிலைக் கண்ட இடத்தில் துப்பாமல் மூடியுள்ள டப்பாவில் துப்பச் சொல்லி ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நான் ஒருநாள் பார்க்கப் போனபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைமாட்டில் மடித்தபடியே இரண்டு திரை. பக்கத்தில் அந்தச் சீமை மெழுகு டப்பா.

"இதவிட நல்ல மூடி எங்க கிடைக்கும் அண்ணாச்சி" என்றாள், நான் பார்ப்பதைப் பார்த்து. "கழுவறதுக்கும் லேசு. ஒண்ணும் ஒட்ட மாட்டேங்கு."

நயினார் அந்தப் பக்கம் திரும்பி, அவள் வாய் துடைக்கப் பழைய பாலிஷ் வேட்டியைப் பட்டை பட்டையாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.