பேய்க் கோட்டையும் பூட்டிய அடுப்பும்

டூர் சமையல்காரனுக்கு எல்லா ஊரும் ஒரே ஊர்தான்: பஸ்ஸின் பின்பக்கம், ஓர் அடுப்பு, தேய்க்க வேண்டிய அண்டா. கரண்டி பிடித்து ஊர் சுற்றும் என் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? காசிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கங்கையில் கால் நனைத்ததில்லை.

ராஜா மாதிரி

விழுப்புரத்தில் டூர் நடத்தும் குமரன், திண்டிவனத்தில் என் வீட்டுக்கே வந்தான். ஐரோப்பாவில் ருமேனியா என்று ஒரு நாடாம். அங்கே டிரான்சில்வேனியா என்று ஒரு மலைச்சீமையாம். மலை மேல் கோட்டை, கோட்டைக்கு ரத்தம் குடிக்கிற பேய்க்கதை. பார்க்கப் போகும் நம் ஆட்களுக்கு அங்கேயும் ரசம் வேண்டும்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். விமானத்துக்குப் பயப்படவில்லை, குமரனின் பேச்சுக்குத்தான் பயந்தேன். வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போய் மாதாவைப் பார்க்கவிடாமலே திருப்பிக் கொண்டுவந்தவன் அவன். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். “கோட்டைக்கு உள்ள கூட்டிக்கினு போவியா? அதைச் சொல்லு, வர்றேன்” என்றேன்.

“என்னாண்ணே இப்படிக் கேக்கறீங்க? உங்களை ராஜா மாதிரி கூட்டிக்கினு போறேன்!”

வாசல் பூண்டு

மலையடிவாரத்தில் ஒரு வீட்டில் தங்கினோம். வாசல் நிலையில் பூண்டுச் சரம் தொங்கியது. காயத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, ஒரு பிடி பிய்த்து ரசத்தில் தட்டிப் போட்டுவிட்டேன். வீட்டுக்கார அம்மா மார்பில் கைவைத்துக்கொண்டு கத்தினாள். அந்திரேயர் திருநாள் வரப்போகிறது, அன்றைக்குப் பேய் நடமாடும், அதை விரட்டக் கட்டிய பூண்டு என்று குமரன் கேட்டுச் சொன்னான்.

போனை எடுத்து என் வீட்டு வாசல் படத்தைக் காட்டினேன். மேலே குருத்தோலைச் சிலுவை. பக்கத்தில், பங்குச் சாமியார் திட்டியும் அவிழ்க்காமல் என் பொண்டாட்டி திருஷ்டிக்குத் தொங்கவிட்டிருக்கும் ஆகாச கருடன் கிழங்கு. அந்த அம்மா உற்றுப் பார்த்தாள். சிரித்தாள். என்னவோ சொன்னாள்.

“‘ரெண்டையும் கட்டியிருக்காளா? கெட்டிக்காரி’ன்னு சொல்றாங்கண்ணே.”

வாயு

எங்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர். “பேயாவது மண்ணாவது” என்று பஸ்ஸெல்லாம் கேட்கச் சிரிப்பார். பொழுது சாய்ந்ததும் சமையல் கட்டுக்கு வந்து, பச்சைப் பூண்டு கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். நான் அவரைப் பார்த்தேன். அவர் அண்டாவைப் பார்த்தார்.

“வாயுவுக்குய்யா!”

கோட்டை

அந்த நாளும் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நானும் சட்டையை நீவிக்கொண்டு இறங்கினேன். குமரன் தோளைத் தொட்டான். “அண்ணே, உங்களுக்கு டிக்கெட் போடல. சாம்பார் சாதத்தை ஜல்தியா சூடு பண்ணி வையுங்க. உள்ள ஒண்ணுமில்லண்ணே, நம்ம செஞ்சிக் கோட்டையாட்டம்தான்.”

“அப்ப நீ எதுக்குடா போற?” என்றேன்.

அடுப்புப் பெட்டியைப் பூட்டினேன். சாவியை ஜோபியில் போட்டேன். வரிசையில் நின்று என் காசில் டிக்கெட் வாங்கி மேலே ஏறினேன். குறுகலான படி, தாழ்ந்த கூரை, ராஜா படுத்த கட்டில். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நிதானமாகப் பார்த்தேன். ராஜாவின் சமையல் கட்டு இந்தப் பக்கம் என்று எங்கள் கூட்டத்து ஆள் ஒருவர் கைகாட்டினார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இறங்கி வரும்போது நேரம் எங்கேயோ போயிருந்தது. பஸ்ஸைச் சுற்றி எல்லோரும் பசியோடு நின்றார்கள். குமரன் வாயைத் திறப்பதற்குள் தாசில்தார் முந்திக்கொண்டார்.

“யோவ் ஆரோக்கியம், இந்தக் கோட்டைப் பேயே நேரத்துக்குச் சாப்ட்டு முடிச்சிருக்கும்யா!”

குமரன் அடுத்த டூருக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டான். வைத்துக்கொள்ளட்டும், அந்த ராஜாவின் ஜன்னலில் நின்று பார்த்தபோது அவனும் அவன் பஸ்ஸும் என் அடுப்பும் சேர்ந்து ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை.