அக்கட்டால நேர்முடி, இக்கட்டால சுருட்டை

என் தலைமுடி சுருட்டை. சுருட்டை என்றால் நெற்றியில் அழகாக ஒரு கற்றை புரளுமே, அந்த ரகம் இல்லை. உள்ளே விட்ட சீப்பு திரும்பி வராத ரகம். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்னால் உட்கார்ந்த எல்லோரும் "டீச்சர், போர்டு தெரியலீங்க" என்று சொல்லிச் சொல்லியே என்னைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளிவிட்டார்கள். வகுப்பிலேயே குள்ளம் நான்தான். மறைத்ததெல்லாம் முடி.

முடியின் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேல்தான் வரும். எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் மூஞ்சிக்கு நேரே சொல்லமாட்டார்கள். "ஏனம்மணி, எண்ணெய் வெக்கறதுக்கு நேரம் கெடைக்கறதில்லீங்களா?" என்று மிக மரியாதையாகக் கேட்பார்கள். பின்னால் ஒரு 'ங்க' சேர்த்துவிட்டால் குத்தினாலும் வலிக்காது என்று ஒரு நம்பிக்கை.

மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது இந்த மரியாதை உச்சத்துக்குப் போனது. வந்தவர்கள் எல்லாம் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, "ஜாதகம் சித்த இடிக்குதுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம் பார்த்துப் பொருந்திய பிறகுதானே பஜ்ஜியே சுட்டோம் என்று நான் கத்துவேன். கடைசியில் தரகர்தான் ஒருநாள் வாய் தவறி உண்மையைச் சொன்னார். "பொண்ணு லட்சணமுங்க. முடிதான் கொஞ்சம் காடாட்டம் இருக்குதுன்னு பேசிக்கறாங்க."

அம்மா அன்றே என்னை ஒரு பார்லருக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்த பெண் என் தலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "முழுசா நேராக்க வேண்டாமுங்க அக்கா. சூடு காட்டிச் சுருளைக் கொஞ்சம் லூஸ் பண்ணிவிட்டாப் போதும், இயற்கையா இருக்கும்" என்றாள். இயற்கையாக இருப்பதை இயற்கையாகக் காட்ட அரை நாள் ஆனது. கற்றை கற்றையாகப் பிரித்து, கிளிப் மாட்டி, ஏதோ ஒரு ஸ்ப்ரே அடித்து, ஸ்ட்ரெயிட்னரால் மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தாள். சுருள்கள் அவிழ்ந்து கிட்டத்தட்ட நேராகவே தொங்கின. வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், என்ன பண்ணிக்கொண்டு வந்தாய் என்று. "லூஸ் பண்ணிட்டு வந்தேனுங்கப்பா" என்றேன். "இருக்கறது பத்தாதா?" என்றார்.

அந்தத் தலையோடு எடுத்த போட்டோ தரகர் கைக்குப் போனது. போன வேகத்தில் ஒரு வரன் வந்தது.

மாப்பிள்ளை பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஜினியர். ஜாதகம் பொருந்தியதும் இரண்டு வீட்டிலும் சரி என்று சொல்லி, நாங்கள் போனில் பேசிக்கொள்ளத் தொடங்கினோம். மற்றவர்கள் எல்லாம் சமைக்கத் தெரியுமா, வேலையை விடுவீர்களா என்று கேட்பார்கள். இவர் கேட்ட முதல் கேள்வி, "காலைல சரவணம்பட்டி சிக்னல்ல நிக்கறப்ப என்ன நெனப்பீங்க?" என்பது. நான் வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனி அந்த சிக்னலைத் தாண்டித்தான். "முன்னாடி நிக்கற பஸ்ஸைத் திட்டுவேனுங்க" என்றேன். "வெளியவா, மனசுக்குள்ளயா?" "ஹெல்மெட்டுக்குள்ளங்க." அவர் சிரித்த சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு வாரத்துக்குள் இந்த ஆளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவே செய்துவிட்டேன். முடியைப் பற்றி மட்டும் பேச்சு வரவில்லை. நானும் வரவிடவில்லை.

பெண் பார்க்க ஒரு சனிக்கிழமை நாள் குறித்தார்கள். அப்பா ராகுகாலம் பார்த்தார், எமகண்டம் பார்த்தார், கௌரி பஞ்சாங்கத்தையும் ஒரு தடவை புரட்டினார். அன்று காலையில் பேப்பரில் என் ராசிபலனைச் சத்தமாகப் படித்தார். "நினைத்த காரியம் கைகூடும்" என்று போட்டிருந்தது. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் "இன்றைய மின்தடைப் பகுதிகள்: துடியலூர் மற்றும் சுற்றுவட்டாரம்" என்று போட்டிருந்தது. எங்கள் ஊர் துடியலூர்தான் என்றாலும் அதை அவர் படிக்கவில்லை. யாருமே படிக்கவில்லை. நல்ல நேரம் பார்த்த ஊரில் கரண்ட் இருக்கும் நேரம் பார்க்க ஆள் இல்லை.

போட்டோவில் உள்ள தலை வேண்டுமே என்று ஸ்ட்ரெயிட்னர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அப்பா அதற்கு வைத்த பெயர் இடுக்கி. என் அறையில் பிளக் பாயிண்ட் கட்டிலுக்கு இடது பக்கம் இருக்கிறது. அதனால் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இடது பக்கமிருந்து தொடங்கினேன். காதோரம், பின்கழுத்து, உச்சி என்று ஒவ்வொரு கற்றையாக இழுத்து, அன்று பொறுமையே உருவாக இருந்தேன். இடது பக்கம் முடிந்து, நடு வகிட்டைத் தாண்டி, வலது பக்கத்தில் முதல் கற்றையைக் கையில் எடுத்தேன். ஃபேன் நின்றது. கூடத்தில் டிவி நின்றது. சமையல்கட்டில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியும் நின்றது.

"ஃபியூஸ் போயிருக்கும்" என்றார் அப்பா. இல்லை. தெருவே போயிருந்தது. சாயங்காலம்தான் வரும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் ஓடிப்போய் இடுக்கியை இன்வெர்ட்டர் லைனில் சொருகினேன். இன்வெர்ட்டர் "கீய்ய்ங்" என்று அலறிவிட்டு உயிரை விட்டது. அதோடு கூடத்து ஃபேனும் போனது. எரிச்சலில் இடுக்கியைப் பழைய பிளக்கிலேயே சொருகி, கட்டில் மேல் வீசிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். இடது பக்கம் ஒருத்தி, வலது பக்கம் இன்னொருத்தி. இரண்டு பேருக்கும் மூக்கு மட்டும் பொது.

"தலையை நனைச்சுப்போட்டு முழுசாச் சுருட்டையாவே வந்துடறேங்கம்மா" என்றேன். அம்மா பதறிவிட்டார். "நல்ல காரியத்துக்கு ஈரத்தலையோட வந்து நிக்கறதா? இதென்ன எழவு வூடா? அதுவுமில்லாம போட்டோவுல இருக்கறது வேறயல்லோ!" பின்னிப் பார்த்தார். இடது பக்கம் மண்டையோடு ஒட்டிக்கொண்டது, வலது பக்கம் காதுக்கு மேலே பொங்கி நின்றது. ஒரு பக்கம் காற்று இறங்கிய பலூன் மாதிரி இருந்தேன். அதற்குள் தரகரின் போன். "கவுண்டம்பாளையம் தாண்டியாச்சுங்க. பத்தே நிமிஷமுங்க."

அம்மாதான் வழி கண்டுபிடித்தார். "வர்றவங்க எல்லாத்தையும் அக்கட்டால சோபாவுல உக்கார வெச்சுப்போடலாம். நீ நாற்காலியில உக்காந்து நேரா மட்டும் பாரு கண்ணு. நேர்முடிப் பக்கம்தான் அவங்களுக்குத் தெரியும். தலையை மட்டும் திருப்பிப்போடாத." எங்கள் ஊரில் அக்கட்டால என்றால் அந்தப் பக்கம், இக்கட்டால என்றால் இந்தப் பக்கம். பேப்பரில் எழுதும் தமிழில் இக்கட்டு என்றால் வேறு அர்த்தம். அன்று எனக்கு இரண்டும் சரியாக இருந்தது.

திட்டம் நல்ல திட்டம்தான். அதைக் கெடுத்தது மரியாதை. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அவருடைய அத்தை, தரகர் என்று நான்கு பேர் வந்தார்கள். அத்தைதான் அந்த வீட்டில் எதையும் முடிவு செய்கிறவர் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தோம். அப்பா சோபாவைக் காட்டி, "இங்க உக்காருங்க" என்றார். "நீங்க உக்காருங்க முதல்ல" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "அட, வந்தவங்க நீங்க உக்காருங்க." "பெரியவங்க நீங்க நிக்கறப்ப நாங்க உக்கார்றதுங்களா?" இப்படியே கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் உட்கார வைக்கப் பார்த்தார்கள். கடைசியில் அத்தை சோபாவில் உட்கார, அவரோடு நெருக்கிக்கொண்டு உட்காருவது மரியாதை இல்லை என்று மாப்பிள்ளையின் அம்மா எதிர்ப்பக்கத்துப் பிரம்பு மோடாவுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளைக்கு என் நாற்காலிக்கு நேர் எதிரே இடம் கிடைத்தது.

நான் காப்பியும் கேசரியும் வைத்த தட்டோடு வந்து, கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தேன். இடது பக்கம் அத்தை, வலது பக்கம் மாப்பிள்ளையின் அம்மா. நான் தலையைத் திருப்பவே இல்லை. யார் என்ன கேட்டாலும் நேரே பார்த்துப் பதில் சொன்னேன். நேரே இருந்தவர் மாப்பிள்ளை. அவர் என் இடது காதைப் பார்த்தார், வலது காதைப் பார்த்தார், மறுபடியும் இடது காதைப் பார்த்தார். பிறகு கேசரியைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. ஃபேன் இல்லாத கூடத்தில் எனக்கு வேர்த்து ஊற்றியது. கேசரியைத் தட்டோடு பிடுங்கிவிடலாமா என்றிருந்தது.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்ட்டு வாரோமுங்க அம்மணி" என்றார். அத்தை தலையை மட்டும் ஆட்டினார். ஒரு மணி நேரம் கழித்துத் தரகர் போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு ரெண்டு பொண்ணுங்களா?"

"ஒண்ணுதானுங்க. ஏனுங்க?"

"இல்லீங்க, கார்ல ஒரே தகராறுங்க. அத்தை சொல்றாங்க, போட்டோவுல இருக்கறாப்பலயே பொண்ணுக்கு நல்ல நேர்முடின்னு. மாப்பிள்ளையோட அம்மா சொல்றாங்க, பொண்ணுக்கு அச்சு அசல் சுருட்டைன்னு. ஒருத்தர் கண்ணு சரியில்லீன்னு இன்னொருத்தர் சொல்லி, இப்ப ரெண்டு பேரும் பேசிக்கறதில்லீங்க. மாப்பிள்ளைத் தம்பிகிட்டக் கேட்டா ரெண்டும் இருந்துச்சுங்குது. அதை யாருமே நம்பலீங்க. காப்பி குடுத்த பொண்ணு ஒண்ணு, உக்காந்த பொண்ணு ஒண்ணுன்னு அத்தைக்கு இப்பச் சந்தேகமே வந்துபோச்சுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "விசாரிச்சுச் சொல்றேனுங்க" என்று அப்பா போனை வைத்துவிட்டார். ஒரே பெண்ணைப் பெற்றவர் யாரிடம் விசாரிப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் மாடிக்கு ஏறிப்போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து அழுதேன். முடிக்காக இல்லை. அந்தச் சிரிப்புக்காக. ஊரிலேயே ஒரே ஒரு ஆள்தான் நான் ஹெல்மெட்டுக்குள் திட்டுவதைக் கேட்டுச் சிரித்தார். அவரையும் ஒரு இடுக்கியால் பிடித்து வெளியே எறிந்துவிட்டேன்.

வெயில் சாய்ந்தபோது அவரே கூப்பிட்டார். எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டு எடுத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க. எந்தப் பக்கம் நெசமுங்க?"

முடிவு செய்கிறவர் அத்தை. அத்தைக்குப் பிடித்தது நேர்முடி. இடது என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. வாழ்நாள் முழுவதும் விடியலில் எழுந்து இழுத்தால் போதும், கரண்ட் போகாத வரைக்கும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"சோத்தாங்கைப் பக்கமுங்க" என்றேன்.

"உங்க சோத்தாங்கைங்களா, என்ற சோத்தாங்கைங்களா?"

"என்றதுங்க. சுருட்டைங்க. எங்கப்பா கொடுத்த முடி. சீப்பே போகாதுங்க. போட்டோவுல இருக்கறது லூஸ் பண்ணினதுங்க." மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டேன். இனி ஜாதகம் இடிக்கும் என்று காத்திருந்தேன்.

"அப்பச் சரிங்க" என்றார். "நான் அந்தப் பக்கத்தைத்தானுங்க பாத்துட்டிருந்தேன். அக்கட்டால யாரோ வேற ஆளு வந்து உக்காந்திருக்காங்கன்னு நெனச்சேன். அத்தைகிட்ட நான் பேசிக்கறேனுங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கீழே டிவி தானாகப் பேசத் தொடங்கியது. மிக்ஸி பாதிச் சட்னியோடு உறுமியது. கரண்ட் வந்துவிட்டது. அவர் மறுபடியும் சிக்னல் பஸ்ஸைப் பற்றிக் கேட்டார், நான் வெளியவே திட்டிக் காட்டினேன்.

கொஞ்சம் கழித்து அம்மாவின் அலறல் கேட்டது. "ஏனுங்க, ஓடியாங்க! மெத்தை புகையுது!" ஓடும் சத்தம், பக்கெட் உருளும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம். காலையில் சுவிட்சை அணைக்காமல் நான் கட்டில் மேல் வீசியிருந்த இடுக்கி, நல்ல நேரம் பார்த்துச் சூடாகியிருந்தது.

"அங்க என்னங்க சத்தம்?" என்று பதறினார் அவர்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "பீச்சாங்கைப் பக்கம் எரிஞ்சுபோச்சுங்க."