அந்தப் பம்பு டூப்ளிகேட் இல்லை

கொட்டாம்பட்டியில் என் மகள் வாழப்போன வீட்டில் இன்றைக்கும் என் சிநேகிதனைப் பற்றிப் பேச்சு வந்தால், "யாரு, அந்த டூப்ளிகேட் பம்பு மெக்கானிக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். பம்பைக் கெடுத்தது அவன் இல்லை. நான்தான்.

நான் எட்டாவதோடு நின்றவன். பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஒரு வக்கீல் வீட்டுக்கு ரொம்ப வருஷம் புஸ்தகம் கட்டிக்கொடுத்தேன். அவர் காலமான பிறகு, வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து வீட்டைக் காலி செய்தபோது, "எங்கப்பா காரை நீங்கதான் நல்லாப் பாத்துக்குவீங்க" என்று அந்தப் பழைய அம்பாசிடரை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்கள். என்னைவிட ரெண்டு வயசு மூத்த வண்டி. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். ஆனால் பயந்துகொண்டே பார்த்துக்கொண்டேன். ஓட்டும்போது சூட்டைக் காட்டுகிற முள்ளைத்தான் பார்ப்பேன், ரோட்டைப் பார்க்கமாட்டேன் என்று என் வீட்டுக்காரி சொல்லுவாள்.

மகளுக்குக் கல்யாணம் முடிவானதும், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் வேணும் என்று மருமகனே கேட்டுவிட்டார். "எல்லாரும் ஏசி கார்ல வாராங்க, நான் இதுல வாரேன் மாமா" என்றார். எப்படி மாட்டேன் என்பது? தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன், அன்றிலிருந்து தூக்கம் இல்லை. மாப்பிள்ளை அழைப்பு என்றால் வண்டி மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்து போகணும். பத்தடி போய் நிற்கணும், பையன்கள் ஆடி முடிக்கிற வரைக்கும். காத்தே படாமல் என்ஜின் வேகும். அதைக் காப்பாற்றுவது தண்ணீர் பம்பும் அதன் முகத்தில் சுற்றுகிற ஃபேனும்தான். கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது ஒருநாள் காலையில் குனிந்து பார்த்தால், பம்புக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

சிநேகிதனின் மெக்கானிக் செட்டுக்கு மெல்ல ஓட்டிப்போனேன். முன்னே ஊருக்குள் நல்ல இடத்தில் வைத்திருந்தான். ரோட்டை அகலப்படுத்தியதில் அது போய், மாட்டுத்தாவணி தாண்டி ஒரு தகரக் கூரைக்குக் கீழே வந்துவிட்டான். புதுக் கார்கள் எல்லாம் கம்பெனி சர்வீசுக்குப் போகிறது. அவனிடம் வருகிறது என்னைப் போல ரெண்டு மூணு பேர். நிச்சயதார்த்தத்தன்று என் வண்டி ஓடுகிற சத்தத்தை மெச்சித்தான் சம்பந்தி அவனைக் கூப்பிட்டுப் பேசினார். சம்பந்தி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றுகிற வேன் ஆறு வைத்திருக்கிறார். "கல்யாணம் முடியட்டும்யா, ஆறையும் உங்கிட்டயே விட்டுர்றேன்" என்றார். அன்றைக்கு அவன் முகத்தை நான் பார்த்தேன். பந்தியில் ரெண்டாம் தடவை பாயாசம் கேட்டு வாங்கினான்.

பம்பு மாற்ற அரை நாள் ஆச்சு. ரேடியேட்டர் தண்ணீரை வடித்தான். ஃபேனைக் கழற்றி, டைனமோவைத் தளர்த்தி, பெல்ட்டை உருவினான். நாலு போல்ட்தான். பழைய பம்பு கையோடு வந்தது. உள்ளே செங்கல் கரைத்த மாதிரி துருச் சேறு. இரும்போடு ஒட்டிக்கிடந்த பழைய கேஸ்கெட் காகிதத்தை பிளேடால் சுரண்டுகிற வேலையை நான் வாங்கிக்கொண்டேன். காகிதம் சுரண்ட எனக்கு வரும்.

"புதுசு டூப்ளிகேட் இல்லையே தம்பி?"

"அண்ணே, கீழமாசி வீதியில பழைய ஸ்டாக்கு ஒண்ணே ஒண்ணு கெடந்துச்சு. பெட்டியப் பாருங்க, என் கல்யாணப் பத்திரிகை மாதிரி மஞ்சளாப் போயிருக்கு. இனிமே நீங்களும் நானும் போய்ச் சேந்தாலும் இது ஓடும்."

கடைசியாக பெல்ட்டை மாட்டி என் கட்டைவிரலைப் பிடித்து அதன் நடுவில் வைத்தான்.

"அமுக்குங்க. அரை இஞ்ச் உள்ள போகணும். போகுதா?"

"இம்புட்டு லூசாவா?"

"லூசு இல்லண்ணே, அளவு. இதுக்கு மேல இறுக்குனா பம்பு பேரிங் செத்துரும். தொட்டுறாதீங்க. உங்களைத்தான் சொல்றேன், உங்க கை சும்மா இருக்காது."

சும்மா இருக்கவில்லை. என் தொழில் அப்படி. பைண்டிங்கில் பிரஸ்ஸை எம்புட்டு இறுக்குகிறோமோ அம்புட்டு நல்லது; கை தளர்ந்தால் கட்டு பிரிந்துவிடும். முப்பத்தஞ்சு வருஷமாக இறுக்கியே சாப்பிட்டவன். அந்த அரை இஞ்ச் என் மனசில் கிடந்து ஆடியது. மேளத்துக்குப் பின்னால் பெல்ட் வழுக்கி, பம்பு சுற்றாமல் போனால்? மூணாம் நாள் ஸ்பானரை எடுத்து, டைனமோவைக் கொஞ்சூண்டு வெளியே நெம்பி பெல்ட்டை இறுக்கினேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்திரிகை வைக்க அந்த வண்டியில்தான் அலைந்தோம். அலங்காநல்லூரில் என் மச்சினன் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது முன்பக்கம் 'கிய்ய்' என்று மெல்லிசாக ஒரு சத்தம். பெல்ட் வழுக்குது என்று நானே முடிவு பண்ணி மறுபடி இறுக்கினேன். மறுநாள் சத்தம் கூடினது. மறுபடி இறுக்கினேன். அது பெல்ட் சத்தம் இல்லை, பேரிங் கத்துகிற சத்தம் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு தினம் போன் பண்ணினேன். தண்ணீர் மட்டம் கேட்டேன், ஆயில் கேட்டேன். இதை மட்டும் கேட்கவில்லை. தொட்டீங்களா என்று கேட்பான் என்று பயம். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பெல்ட் கட்டைவிரலுக்கு மசியவே இல்லை. உசிரைப் பிடித்த மாதிரி இருக்கு, இனி பயமில்லை என்று நினைத்தேன்.

சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் இருந்து ஊர்வலம் கிளம்பியது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிநேகிதனே ஓட்டினான். மேளத்தில் அந்தக் 'கிய்ய்' அவனுக்குக் கேட்கவில்லை போல. நான் மண்டப வாசலில் மாலைத் தட்டோடு நின்றேன். மேளம் தெருமுனையில் திரும்பியது, வண்டி விளக்கு தெரிந்தது. மண்டபத்துக்கு ஒரு நூறு அடி இருக்கும். கடகடவென்று ஒரு சத்தம், வெடி என்றுதான் முதலில் நினைத்தேன். பம்பு பேரிங் உடைந்து, ஃபேன் சாய்ந்து ரேடியேட்டரில் உரசி அதைக் கிழித்துவிட்டது. வெள்ளையாக ஆவி எழும்பி, வண்டிமேல் கட்டியிருந்த பூச்சரம் எல்லாம் அதில் மறைந்தது. மேளக்காரர் நிறுத்திவிட்டார்.

மருமகன் கழுத்தில் மாலையோடு இறங்கி நடந்து வந்தார். பாவம், சிரித்துக்கொண்டுதான் வந்தார். அவருடைய அத்தை ஒருத்தி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வாசல்ல வந்து வண்டி நிக்குது. பொண்ணு ராசியப் பாருங்கடி" என்றாள். தட்டைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கினேன்.

சம்பந்தி வண்டிப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவன் பானட்டைத் தூக்கி, கையில் துணியைச் சுற்றி பெல்ட்டைத் தொட்டான். டைனமோ எம்புட்டு தூரம் வெளியே தள்ளி இருக்கிறது என்று குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றி நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. கோபம் இல்லை. "சொல்றீங்களா?" என்று கேட்கிற பார்வை.

"என்னய்யா, புதுப் பம்புன்னு சொன்ன? டூப்ளிகேட்டப் போட்டுட்டியா?" என்றார் சம்பந்தி.

நான்தான் இறுக்கினேன் என்று அப்போதே சொல்லியிருக்கணும். பொண்ணு அப்பனே வண்டியைக் கெடுத்தான் என்று அந்த அத்தை காதுக்குப் போனால் என் மகள் அந்த வீட்டில் எத்தனை வருஷம் கேட்கணும்? அப்படித்தான் நினைத்தேன், இல்லை, அப்படி நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

அவன் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தான். பிறகு, "ஆமாங்கய்யா. சரக்கு ஏமாத்திருச்சு. என் தப்புதான்" என்றான்.

"இந்த லட்சணத்துக்கு என் ஆறு வண்டி கேக்குதா உனக்கு?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் ஒரு மாதிரி சிரித்துவிட்டு பானட்டை மூடினான். மறுநாள் முகூர்த்தத்துக்கு அவன் வரவில்லை. அவன் வீட்டுக்காரிதான் ஒரு குத்துவிளக்கோடு வந்து, சாப்பிடாமல் போனாள்.

பொங்கல் சீர் கொண்டுபோனபோதுதான் சொன்னேன். கரும்பையும் பானையையும் இறக்கிவைத்து, தண்ணீர் குடித்து, எழுதிவைத்ததைப் படிக்கிற மாதிரி சம்பந்தியிடம் சொன்னேன். பெல்ட்டை இறுக்கினது நான், அவன் தொடாதே என்றான், பம்பு ஒரிஜினல்.

அவர் கேட்டுவிட்டு என் தோளில் தட்டினார். "சம்பந்தி, நீங்க தங்கமான ஆளு. சிநேகிதன் பொழப்புக்காகப் பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. அவனே அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னாடி ஒத்துக்கிட்டான்ல?"

"அவன் எனக்காக..."

"விடுங்க விடுங்க. வேனை வேற எடத்துல விட்டாச்சு. பொங்கலும் அதுவுமா எதுக்கு?"

மகள் கதவோரம் காப்பித் தம்ளரோடு நின்றிருந்தாள். வழியனுப்ப பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தாள்.

"அப்பா, நெசமாவா?"

"நெசந்தாம்மா."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா உன்னையத்தானம்மா..."

"என்னையச் சாக்கு சொல்லாதீங்கப்பா" என்றாள். பஸ் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

மாட்டுத்தாவணியில் இறங்கி நேரே அவன் செட்டுக்குப் போனேன். ஒரு லோடு ஆட்டோவுக்குக் கீழே படுத்திருந்தான். கால் மட்டும் தெரிந்தது. குனிந்து, கொட்டாம்பட்டியில் எல்லாத்தையும் சொல்லிவிட்டேன் என்றேன்.

உள்ளே இருந்தே கேட்டான். "நம்புனாங்களா?"

"இல்லப்பா."

"நம்ப மாட்டாங்கண்ணே" என்றான். ஸ்பானர் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

என் வண்டி இன்னும் அவன் செட்டுக்குப் பின்னால்தான் நிற்கிறது, ஃபேன் இல்லாமல், ரேடியேட்டர் இல்லாமல். எடுத்துப்போங்க என்று அவன் சொல்வதில்லை. பம்பு மாட்டு என்று கேட்க எனக்கும் வாய் வருவதில்லை.