நெகட்டிவ் சீட்டோடு ஒன்பது வீடுகள்

கொரோனா காலத்தில் மாலத்தீவு மறுபடியும் வெளிநாட்டுப் பயணிகளை அனுமதித்ததும், அங்கே ஓட்டலில் சமையல்காரராக இருந்த என் கணவரை வேலைக்குத் திரும்ப அழைத்தார்கள். மாதக்கணக்கில் கடையநல்லூர் வீட்டில் முடங்கிக் கிடந்தவர். தென்காசியில் பரிசோதனை செய்தோம். நெகட்டிவ் என்று வந்தது.

எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவர்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு நேரில் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். "போன்ல சொன்னாப் போதாதாட்டி?" என்று அவர் தயங்கினார். "நெகட்டிவ் சீட்டு கையில இருக்குல்லா, பிறகென்ன பயம்?" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். ஒன்பது வீடு. கடைசி வீட்டில் அவருடைய பெரியம்மா மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, வாயில் சீனி போட்டு, கட்டிப்பிடித்து அழுதார்.

மறுநாள் புளியறை வழியாகத் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறினார். தீவில் இறங்கியதும் மறுபடி சோதித்தார்கள். பாசிட்டிவ். தனி அறையில் அடைத்துவிட்டார்கள். அதே வாரம் பெரியம்மா மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்துவிட்டார். ஆனால் இப்போதும் நாலு படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது.

சோதித்த நாளைக்கு மட்டும்தான் அந்தச் சீட்டு செல்லும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இப்போது அவர் ஊர் வந்து திரும்பும்போதெல்லாம் போனில்தான் பயணம் சொல்கிறோம். "நேர்ல வந்து சொல்லாமப் போதானே, எம்மேல என்னட்டி கோவம்?" என்று பெரியம்மா கேட்கிறார். யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். போனிலேயே சொல்லிவிடலாம் என்று தயங்கியவரை அன்று இழுத்து வந்தது நான் என்பதை மட்டும் பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.