எதிரில் இல்லாத பெண்ணைக் கேலி செய்தேன்

அந்தப் படத்தைச் செய்தவன் நான். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன், பேத்திகள் உள்ளவன், உட்கார்ந்து யோசித்துச் செய்தேன்.

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். பகலில் கணவன் தறியில் நெய்ய, வேறு நிறக் கரையைப் புடவையோடு கோக்கும் கோர்வைக்காக எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, ஊடுநூல் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளுவாள். சாயங்காலம் போனை ஜன்னலில் சாய்த்துவைத்து, நெய்த புடவையைத் தோளில் போட்டுக் காட்டி நேரலையில் விற்பாள். கடைக்காரர்களிடம் கூலிக்குக் காத்துக் கிடந்த குடும்பம் அதில்தான் நிமிர்ந்தது. என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள்.

ஒருநாள் அவள் முந்தானையை விரித்துக் காட்டிய நொடியை நிறுத்திப் படம் பிடித்தேன். 'முந்தானை மட்டும்தான் விற்பனைக்கா?' என்று கீழே எழுதி, தெரு ஆண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராகப் போட்டேன். சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. தமிழ் வாத்தியார் என்றால் சும்மாவா என்று ஒருவர் மெச்சினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

சில நாட்களில் அது அவள் நேரலைக்கே போய்ச் சேர்ந்தது. புடவை விலை கேட்கும் இடத்தில் அவளுக்கு விலை கேட்டார்கள். நள்ளிரவில் போன் செய்தார்கள். மாமியார் போனைப் பிடுங்கிவைத்தார். விற்பனை நின்றது.

அவள் புகார் கொடுத்தாள். குழுவிலிருந்து படத்தை வெளியே அனுப்பிய ஷேர் ஆட்டோக்காரனை ஸ்டேஷனில் போலீசார் சுவரோரம் நிற்கவைத்திருந்தார்கள். குழுவின் அட்மின் என்று வரச்சொல்லியிருந்த எனக்கு நாற்காலி போட்டு டீ வாங்கித் தந்தார்கள். செய்தது நான்தான் என்றேன். எஸ்.ஐ. சிரித்துக்கொண்டே அவளிடம் திரும்பினார்.

"ஏம்மா, பெரிய மனுஷன், தமாஷுக்குப் போட்டுட்டாரு. தறியில நீங்க பேசாத கேலியா?"

"தறியில எதிர்ல குந்திக்கினு பேசுவாங்க சார். ஒண்ணு சொன்னா நான் ரெண்டு திருப்பிக் குடுப்பேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இதுக்கு நான் எங்க வந்து திருப்பிச் சொல்றது சார்?"

பெரியப்பா போய் சார் ஆகிவிட்டேன்.

நானும் தறி வீட்டில் பிறந்தவன். அங்கே கேலி நாடாவைப் போலப் போகும், வரும். விளையாட்டு எங்கே முடிகிறது, குற்றம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை என்பவர்களைக் கண்டால் எனக்கு எரிகிறது. பொய். எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது, தெரிந்ததால்தான் அவள் இல்லாத குழுவில் போட்டேன். என் நரைக்கு நாற்காலி, ஆட்டோக்காரனின் காக்கிச் சட்டைக்குச் சுவர் என்பது எந்தச் சட்டம்?

வாக்குமூலம் எழுதி நீட்டினேன். இந்த வயசில் எதுக்கு சார் என்று எஸ்.ஐ. வாங்க மறுத்தார். சைபர் கிரைம் பிரிவுக்கு எடுத்துப் போய்க் கொடுத்தேன். என்மேல் வழக்குப் பதிவானது. குழுவிலும் எல்லாவற்றையும் எழுதினேன். சிலர் கும்பிடும் பொம்மை போட்டார்கள். 'வுடுங்க சார், அந்தப் பொம்பள ஓவரா பண்றா' என்றார் முன்பு மெச்சியவர். குழுவைக் கலைத்தேன். நான் இல்லாமல் வேறொன்று தொடங்கிவிட்டார்கள்.

ஆடி கழிந்து அவள் மறுபடி விற்கத் தொடங்கினாள். இப்போது புடவையைப் பாயில் விரித்துக் காட்டுகிறாள். கைகள் மட்டும் தெரிகின்றன. தோளில் போட்டுக் காட்டுங்க அக்கா என்று வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். அவள் போடுவதில்லை.